பொதுச் சுவரில் ஓதம்

செருப்பை வெளியிலயே விட்டுட்டு வாங்க. அங்க இல்ல, அந்த ஓரமா. ஆங், அங்கதான். இந்தப் பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. மரச் சேர் கெடக்கேன்னு பாக்கறீங்களா, அதை நான் யாருக்கும் போடறதில்ல. பிளாஸ்டிக்குன்னா அப்புறமா துடைக்கறது சுலபம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லல, பொதுவா சொன்னேன்.

சுவத்துல ஏறற ஈரத்துக்கு, இந்த ஓதத்துக்கு, யாரை வச்சுப் பாத்தேன்னு கேக்கத்தானே வந்தீங்க? பால்காரரு சொன்னாரு, மேலத்தெருவுல ஒரு அம்மா விசாரிச்சாங்கன்னு. மாயவரத்துல ஓதம்னாலே தையல்நாயகி வீட்டைக் கை காட்டறாங்க. நல்ல பேருதான் வாங்கியிருக்கேன். காபியைக் குடிங்க, ஆறிடப் போவுது.

உங்க வீட்டுல கீழேர்ந்து ஏறுதா, மேலேர்ந்து இறங்குதா? அதை முதல்ல பாருங்க. மேலேர்ந்து இறங்கினா மொட்டை மாடி, இல்ல குழாய். கீழேர்ந்து ஏறினா தரை. இந்த ஒரு விஷயம் தெரியாம நான் மூணு வருஷம் சீரழிஞ்சேன். பெயிண்டரைக் கூப்பிடாதீங்க. அவன் வருவான், சுரண்டுவான், பட்டி பார்ப்பான், தண்ணியே உள்ள போகாத பெயிண்டும்மா இதும்பான். ரெண்டே மாசம், அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா வந்து நிக்கும். விரலால அமுக்கினா உள்ள தண்ணி. சீ, இப்ப நெனச்சாலும் குமட்டுது.

எங்க வீடு எங்க தாத்தா வாங்கினது. அதுக்கு முன்னாடி யாரோ அண்ணன் தம்பி கட்டினது. செங்கல்லு, சுண்ணாம்புக் காரை. பாகம் பிரிச்சப்போ நடுவுல இந்தச் சுவரு ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு ஆயிடுச்சு. இந்தப் பக்கம் எங்க சாமி ரூம்பு. அந்தப் பக்கம் அவங்க அடுப்படி.

அடுப்படின்னா முன்னாடி ஒண்ணும் தொந்தரவு இல்ல. ஒரு வாத்தியார் குடும்பம் இருந்துச்சு, எங்களை மாதிரியே சைவம். அவர் போனப்புறம் பிள்ளைங்க வித்துட்டாங்க. வாங்கினது ஜெசிந்தான்னு ஒரு நர்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை, புருஷன் கப்பல்ல இருக்கான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். நான் வித்தியாசம் பாக்கற ஆள் இல்லம்மா. அவ குடி வந்த அன்னைக்குப் பால் காய்ச்சப் பாத்திரம் எங்கேயோ மூட்டையில மாட்டிக்கிச்சுன்னு நின்னா, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பளபளன்னு வெளக்கித் திருப்பிக் கொடுத்தா. அதை நான் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன், அது வேற விஷயம்.

மறுநாளே மீன். எங்கேன்னு நெனைக்கறீங்க? வைத்தியநாத சாமி படம் மாட்டியிருக்கேன் பாருங்க, அதுக்கு நேர் பின்னால. இந்தப் பக்கம் நான் சூடம் காட்டறேன், அந்தப் பக்கம் சொய்ங்னு மீன் விழுது சட்டியில. ஒரு முழம் சுவருதான் நடுவுல. என் நிலமையை யோசிச்சுப் பாருங்க.

அது போதாதுன்னு அந்த மூலை இருக்கே, அங்க தரையோட தரையா ஒரு ஓட்டை உண்டு. பழைய வீடுங்கள்ல இருக்குமே, வீட்டைக் கழுவி விட்டா தண்ணி அது வழியா கொல்லைப் பக்கம் ஓடிடும். உங்க வீட்டுலயும் இருக்கும், பாருங்க. அவ கொல்லையில உக்காந்து மீன் ஆய்வா. அந்தச் செதிலு, அந்த ரத்தத் தண்ணி, எல்லா வாடையும் அந்த ஓட்டை வழியா நேரா சாமி ரூம்புக்குள்ள வந்துடும். கருமம். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் பக்கிரி கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்டை வச்சு அடைக்கச் சொல்லிட்டேன். அந்த மனுஷன் தலையைச் சொறிஞ்சான், தண்ணி எப்பிடிம்மா போகும்னான். தண்ணியைப் பத்தி நான் பாத்துக்கறேன், நீ அடைன்னேன்.

வாடை முக்கால்வாசி நின்னுச்சு. மிச்சம் சுவத்து வழியாவே வர்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. எங்க தம்பி முத்துக்குமரன் சொல்லுவான், சுவத்து வழியாவா வாடை வரும், உனக்கு மனசுல நாறுதுக்கான்னு. அவனுக்கு என்ன தெரியும்? ஹோட்டல்ல கண்டதையும் தின்னுட்டு வர்றவன். அதனால தினம் ரெண்டு வேளை கழுவ ஆரம்பிச்சேன். மஞ்சளைக் கரைச்சு சுவத்துல வீசி அடிச்சு, தென்னந்தொடப்பத்தால தேச்சு, மேலேர்ந்து ரெண்டு குடம் தண்ணி. மீன் பொரிச்ச அன்னைக்கு மூணு குடம்.

என்ன கேட்டீங்க? தண்ணி எங்க போகுமா? பக்கிரியும் இதேதான் கேட்டான், பின்னால சுவத்தைப் பாக்க வந்த வெண்ணிலான்னு ஒரு பொண்ணும் இதேதான் கேட்டுச்சு. எல்லாருக்கும் ஒரே கேள்வி. தொடப்பத்தால தள்ளி விடுவேன், ஒரு மணி நேரத்துல காஞ்சுடும். நல்ல தரைம்மா, எல்லாத்தையும் உறிஞ்சிக்கும்.

ஆறு மாசம் ஆயிருக்கும். சுவத்தோட அடியில வெள்ளையாப் பொடி பூத்துச்சு. துடைச்சேன், மறுநாள் மறுபடி. அப்புறம் காரை பொத பொதன்னு ஆயி, தொட்டா மாவு மாதிரி கொட்டுது. அப்புறம் கறுப்பா, பச்சையா, பூஞ்சணம். மழைக்கு நனைஞ்ச கோணி நாறுமே, அந்த நாத்தம். தரை ஓரமா சுவத்துல கையை வச்சா பிசுபிசுன்னு என்னமோ ஊருது. எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல.

கணக்குப் போட்டுப் பாருங்க நீங்களே. அறுபது எழுபது வருஷமா காஞ்சு கெடந்த சுவரு. அவ வந்து ஆறே மாசத்துல ஊறிப் போச்சு. வேற யாரு காரணமா இருக்க முடியும்?

முதல்ல பெயிண்டு. அது ஆச்சு. அப்புறம் பக்கிரி பழைய காரையெல்லாம் கொத்தி எடுத்துட்டு இறுக்கமா சிமெண்டு பூசினான். நாலு மாசம் நல்லா இருந்துச்சு. பார்த்தா முழங்கால் உயரத்துல இருந்த ஈரம் சிமெண்டுக்கு மேல, இடுப்பு உயரத்துல நிக்குது. சரின்னு இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினேன். எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க, உங்க தெருவுலயும் பாதி வீட்டுல ஒட்டியிருப்பாங்க, ஒட்டாதீங்க. டைல்ஸுக்கு மேல ஏறி சாமி படத்தைத் தொட்டுடுச்சு. மூச்சு விட வழியில்லாம அடைச்சா அது மேலதானே போகும்னு வெண்ணிலா அப்புறமா சொன்னா. இதை அந்தப் பயலுங்க ஒருத்தனும் சொல்லல.

அதுக்குள்ள எங்க வீட்டுல குழந்தை பொறந்துடுச்சு. அதை நான் முதல்ல சொல்லியிருக்கணும். எங்கம்மா சாகறப்போ முத்துக்குமரனுக்கு ஆறு வயசு, எனக்கு இருபத்திநாலு. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா அவனை யாரு பாப்பா? அதனால பண்ணிக்கல. தபால் ஆபீஸ் வேலைக்குப் போயி அவனைப் படிக்க வச்சு, கல்யாணம் பண்ணி வச்சேன். அவன் பொண்டாட்டி சுபாஷிணிக்கு ஒம்பது வருஷம் குழந்தை இல்ல. ஏறாத கோயில் இல்ல. அப்புறமாப் பொறந்தவன் கவின். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அவன் என் இடுப்புலதான். அத்தைன்னு சொல்ல வராது அவனுக்கு, அத்து அத்துன்னு கூப்பிடுவான். எனக்குன்னு சொல்லிக்க வேற என்னம்மா இருக்கு? சாமி ரூம்புலயே தொட்டிலைக் கட்டியிருந்தேன், காத்து கருப்பு அண்டாம இருக்கும்னு.

அவனுக்கு இழுப்பு வந்துடுச்சு. சளி, மூச்சு விடறப்போ விசில் சத்தம். டாக்டரு, உங்க வீட்டுல ஈரம் இருக்கான்னு கேட்டாராம், பூஞ்சணம் இருக்கான்னு கேட்டாராம். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆங்காரம். நேரா போயி ஜெசிந்தா வாசல்ல நின்னு கத்தினேன். அடுப்படியை ஒட்டியிருக்கற உன் பாத்ரூம் ஒழுகுது, எங்க குழந்தை மூச்சு விட முடியாமக் கெடக்குதுன்னு. தெருவே கூடிடுச்சு. அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து பாருங்கக்கா, எங்க வேணா உடைச்சுப் பாருங்கன்னா. அக்காவாம். எந்த வழியில அக்கா?

பிளம்பர் வந்தான். அவ பாத்ரூம்ல சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்தினான், ஒழுகினா மூணு நாள்ல சுவத்துல நீலம் தெரியும்னான். மூணு நாள் நான் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வரல. ஊத்தினது நீலம்தானா இல்ல வேற எதையாவதா, யார் கண்டா? அப்புறம் அவ அடுப்படியைப் பாத்தா, அந்தப் பக்கமும் சுவரு பொரிஞ்சு கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அரிசி டப்பாவெல்லாம் நகத்தி நடு ரூம்புல வச்சிருக்கா. ஒரு வருஷமா அப்பிடியாம், சொல்லவே இல்ல. பாத்தியாடா, அவ பக்கமும் ஈரமா இருக்கு, அங்கேர்ந்துதான் வருதுங்கறதுக்கு இதை விட சாட்சி வேணுமான்னு தம்பிகிட்ட கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தான்.

ஒருநாள் மத்தியானம் மூணு மணி இருக்கும். கவின் தொட்டில்ல படுத்திருந்தவன் திடீர்னு மூச்சை இழுக்கறான், விலா எலும்பு ஒவ்வொண்ணும் தெரியுது, உதடு நீலமா ஆயிடுச்சு. நான் கொல்லையில நின்னு கத்தினேன். என்ன கத்தினேன்னு எனக்கே தெரியாது. ஜெசிந்தா டூட்டி முடிஞ்சு வந்து தூங்கிக்கிட்டிருந்திருக்கா. மதிலைத் தாண்டிக் குதிச்சு வந்தா. அவ அம்மாவோட மூச்சுத் திணறலுக்கு வாங்கி வச்ச மருந்துப் புகை மிஷினைத் திரும்ப ஓடிப் போயி எடுத்துக்கிட்டு வந்து, இதோ இந்தத் தரையில உக்காந்து, குழந்தையை மடியில போட்டு, மூக்குல வச்சா. இருபது நிமிஷம். அவன் உதட்டுல ரத்தம் திரும்பினதை நான் கண்ணால பாத்தேன். அவ இல்லேன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்குமோ. நான் நன்றி கெட்டவ இல்ல. அவ கையைக் கூடக் கும்பிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். இப்ப உங்களுக்குக் கொடுத்தேனே, அதே மாதிரி பேப்பர் கப்புல.

அவ போனா. நான் கழுவினேன். வேற என்ன செய்யறது? சாமி ரூம்பும்மா. மீன் ஆயற புடவையோட உக்காந்திருந்தா. குழந்தை தொட்டில்ல நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தான், அவன் மேல ஒரு சொட்டு படல. சேதி கேட்டு ஓடி வந்த முத்துக்குமரன் நிலைப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். தண்ணி தொட்டிலுக்கு அடியில போயி நிக்குது. செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள வந்து குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போனான். செருப்போட.

அந்த வெள்ளிக்கிழமையே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு பாத்துப் போயிட்டாங்க. சுவரு காயட்டும்க்கா, வர்றோம்னான். சுவரு காஞ்சா வந்துடுவியான்னு கேட்டேன். வர்றோம்னு சொன்னேன்லன்னான். அதை வச்சுக்கிட்டுத்தான் நான் மிச்ச நாளெல்லாம் ஓட்டினேன்.

அவன்தான் வெண்ணிலாவை அனுப்பினான். இன்ஜினியருக்குப் படிச்ச பொண்ணு. அவ நம்பரைத்தான் உங்களுக்குத் தரப் போறேன். வந்ததும் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினா. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கு. காத்துல வர்ற ஈரம் இல்ல அத்தை, சுவத்துக்குள்ளேயே தண்ணி நிக்குதுன்னா. அந்த நேரம் பாத்து நான் கழுவற வேளை. குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தேன். அத்தை, இந்தத் தண்ணி எங்க போகுதுன்னா. தரை உறிஞ்சிக்கும்னேன். அவ சிரிக்கல. மூலையில குனிஞ்சு அந்த அடைச்ச ஓட்டையை ரொம்ப நேரம் பாத்தா.

அப்புறம் சொன்னா. டைல்ஸை எடுக்கணும், சிமெண்டை எடுக்கணும், ஓட்டையைத் திறக்கணும். பழையபடி சுண்ணாம்பு பூசணும், அதுதான் மூச்சு விடும். பூக்கற உப்பைக் காஞ்ச பிரஷால தட்டி எடுக்கணும், தண்ணி தொட்டுத் துடைக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, நாலு மாசத்துக்கு இந்தச் சுவத்துலயும் தரையிலயும் ஒரு சொட்டுத் தண்ணி விழக் கூடாது. நான் கேட்டேன், அப்ப ஜெசிந்தா வீட்டுத் தண்ணின்னு. அங்கேர்ந்து எதுவும் வரல அத்தைன்னா. சின்னப் பொண்ணு, பக்கத்து வீட்டைப் பகைச்சுக்க வேணாம்னு பாக்குது, புரிஞ்சுக்கிட்டேன்.

நாலு மாசம்மா. நீங்க இருந்து பாத்திருக்கணும். அந்தப் பக்கம் நெத்திலி வறுக்கறா, இந்தப் பக்கம் நான் மூக்குல முந்தானையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஓட்டை வேற திறந்து கெடக்கு. கை பரபரங்குது. குடம் வரைக்கும் போவேன், கவின் முகம் வரும், திரும்பி வந்துடுவேன். ஈரத் துணி கூட வைக்கல. வெறும் தொடப்பம், காஞ்ச பிரஷு. சுவரு மெதுவா மெதுவா வெளுத்துச்சு. ஒருநாள் வெண்ணிலா வந்து ஈரம் பாக்கற மிஷினை வச்சுப் பாத்துட்டு, அத்தை ஜெயிச்சுட்டீங்கன்னா. நான் உக்காந்து அழுதேன்.

ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி குடும்பத்தோட வந்தாங்க. பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வரல, சும்மா பாக்கத்தான், ஆனா சுபாஷிணி ரூம்பைச் சுத்திப் பாத்துட்டு, அடுத்த மாசம் வந்துடலாங்கன்னா. என் காதால கேட்டேன். கவின் ஓடறான், தாவறான். நான் சேமியா பாயசம் வச்சுக்கிட்டிருந்தேன். வெளிய வந்து பாத்தா பிள்ளையைக் காணும். ஜெசிந்தா தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. உயிரைக் காப்பாத்தின பிள்ளை, ஆசை இருக்கத்தானே செய்யும், நான் அதைத் தப்பு சொல்லல. அரை மணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்து விட்டா. என் கிட்ட ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு, அத்து மீனு, அத்து மீனுங்கறான். வாயைச் சுத்தி சோறு. விரல்ல அந்த வாடை. அந்தக் கையால என் கன்னத்தைப் பிடிக்கறான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. தூக்கிக்கிட்டுப் போயி கொல்லைக் குழாயடியில நிக்க வச்சு ஊத்தினேன். ஒரு செம்பு. சரி, மூணு நாலு செம்பு இருக்கும். பச்சைத் தண்ணிதான். வாய்க்குள்ள விரலை விட்டுக் கொப்புளிக்க வச்சேன். அவன் மூச்சு விட முடியாமத் தெணறி அலறிட்டான். நான் சுவத்துல ஊத்தலையே. தரையில ஊத்தலையே. வெண்ணிலா சுவத்துலதானே ஊத்தக் கூடாதுன்னா? சொன்ன பேச்சை நான் மீறலையே.

முத்துக்குமரன் வந்து துண்டுல சுத்தித் தூக்கினான். சுபாஷிணி ஏற்கெனவே வாசல்ல நிக்கறா. நான் பின்னாலயே போனேன், டேய், சுவரு காஞ்சிடுச்சுல்ல, வர்றேன்னு சொன்னீல்லன்னு கேட்டேன். சுவரு நல்லா இருக்குக்கான்னான். அவ்வளவுதான்.

இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றாங்க. இங்க இல்ல, அந்தப் பக்கம். ஜெசிந்தா வீட்டுக்கு. என் வாசலைத் தாண்டித்தான் போகணும், குழந்தை திரும்பிப் பாக்கும், முத்துக்குமரன் வேகமா நடந்துடுவான். அங்க அவனுக்கு இழுப்பே வரலியாம். வராது, சுவரு காஞ்சிடுச்சே. காய வச்சது நான்தானே. அதை ஒருத்தரும் நெனச்சுப் பாக்கறதில்ல.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே. செத்த பேசாம இருங்க. கேக்குதா? அந்தச் சிரிப்பு அவன்தான். அடுப்படி மேடையில உக்கார வச்சிருப்பா. நான் இந்த இடத்துல வந்து விரலால தட்டுவேன், ரெண்டு தட்டு. கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்தும் ரெண்டு தட்டு வரும். அது கேட்டா எனக்கு அன்னிக்கு ஒரு வாய் சோறு இறங்கும். ஆனா தட்டறது அவன் கையா, அவ கையான்னு இந்தப் பக்கம் இருக்கறவளுக்கு எப்பிடித் தெரியும்? அதனால தட்டி முடிச்சதும் போயி ஒரு தடவை கையைக் கழுவிக்குவேன்.